ஓரவஞ்சனை என்று பிள்ளைகள் சொல்லும்போது

நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில் ஒரு தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் மாலை வகுப்பு நடத்தும் இளம் தன்னார்வலர் ஒருவர், ஆறு முதல் ஒன்பது வயது வரையுள்ள பதினெட்டுப் பிள்ளைகளுக்கு நியாயத்தையும் சமத்துவத்தையும் எப்படிப் பாடமாக நடத்துவது என்று கேட்டிருக்கிறார். எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறும் ஒரு சிறுமிக்கு அவர் தினமும் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஒதுக்கத் தொடங்கியதிலிருந்து, மற்றவர்கள் "அக்கா ஓரவஞ்சனை பண்றாங்க" என்று முணுமுணுக்கிறார்களாம். எல்லோரையும் ஒன்றுபோல நடத்துவதற்கும் அவரவர் தேவையறிந்து நடத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கும் படக்கதையோ பயிற்சித்தாளோ இருந்தால் சொல்லுங்கள் என்பது அவருடைய வேண்டுகோள்.

பயிற்சித்தாள் எதுவும் தேவையில்லை என்பதே என் பதில். அந்த முணுமுணுப்புதான் உங்களுக்குக் கிடைத்திருக்கும் பாடம். அது தானாக வந்திருக்கிறது, நல்ல சொல்லோடும் வந்திருக்கிறது. சமத்துவம், சமநீதி, பாரபட்சமின்மை என்று கையேடுகள் அடுக்கும் சொற்கள் ஏழு வயதுப் பிள்ளையின் வாயில் புழங்குவதில்லை, ஓரவஞ்சனை புழங்குகிறது. பந்தியில் பரிமாறுகிறவர் தெரிந்த முகத்தின் இலையில் இரண்டு கரண்டியும் அடுத்த இலையில் ஒரு கரண்டியும் வைத்துவிட்டு நகர்வதைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. உங்கள் பிள்ளைகள் பார்த்ததிலும் பிழையில்லை. நீங்கள் ஒருத்திக்குக் கூடுதலாகத்தான் கொடுத்திருக்கிறீர்கள். அதன் காரணத்தை அவர்கள் பார்க்கவில்லை, ஏனென்றால் நீங்கள் சொல்லவில்லை. கூடலூர், பந்தலூர் பகுதியில் தன்னார்வலர்களோடு பன்னிரண்டு ஆண்டுகள் இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், மாலை வகுப்புகளில் எழும் மனத்தாங்கல்களில் பெரும்பாலானவை காரணம் சொல்லப்படாத நல்லெண்ணத்திலிருந்தே வருகின்றன.

இந்த வயதுப் பிள்ளைகள் நியாயம் தெரியாமல் வருவதில்லை. சுவிட்சர்லாந்தில் 3 முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்தப்பட்டு 2008-இல் 'நேச்சர்' இதழில் வெளியான ஆய்வில், மூன்று நான்கு வயதில் பெரும்பாலும் தன் நலத்தையே பார்த்த பிள்ளைகள், ஏழெட்டு வயதுக்குள் பெரும்பாலும் சரிபாதிப் பங்கீட்டைத் தேர்ந்தெடுப்பவர்களாக மாறியிருந்தார்கள். 2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இன்னும் சுவையானது. அறையைச் சுத்தம் செய்த இரண்டு சிறுவர்களுக்கு ஐந்து ரப்பர்களைப் பரிசாகப் பங்கிட வேண்டும். ஆளுக்கு இரண்டு போக ஒன்று மிஞ்சுகிறது. ஆறு முதல் எட்டு வயதுப் பிள்ளைகள் அந்த ஐந்தாவது ரப்பரை ஒருவனுக்குக் கொடுப்பதைவிடக் குப்பையில் போடுவதையே பெரும்பாலும் விரும்பினார்கள். ஆனால் ஒருவன் மற்றவனைவிட அதிகம் வேலை செய்தான் என்று சொன்னபோது, அந்த ஐந்தாவதைத் தயங்காமல் அவனுக்கே கொடுத்தார்கள். மூன்று வர்க்கி, இரண்டு பிள்ளை என்ற நிலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூன்றாவதைப் பாதியாக உடைக்கும்போது எந்தப் பாதி பெரியது என்பதில் வரும் சண்டையையும் பார்த்திருப்பீர்கள். ஏற்றத்தாழ்வையே அவர்கள் வெறுக்கிறார்கள் என்று இதற்குப் பொருளல்ல. காரணம் தெரியாத ஏற்றத்தாழ்வை வெறுக்கிறார்கள். காரணம் கிடைத்துவிட்டால் அதை ஏற்கும் மனமும் அதே வயதில் இருக்கிறது.

2015-இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தனக்குக் குறைவாகவும் எதிரில் இருப்பவருக்கு அதிகமாகவும் வரும் பங்கைப் பிள்ளைகள் மறுப்பது ஏழு நாடுகளிலும் காணப்பட்டது. தனக்கு அதிகமாக வரும் பங்கையும் நியாயமில்லை என்று மறுப்பது அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும், சற்று வளர்ந்த பிள்ளைகளிடம் காணப்பட்டது. அதனால் நம் பிள்ளைகள் பேராசைக்காரர்கள் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். தனக்குக் குறைந்தால் உறைப்பது எங்கும் வருகிறது, தனக்குக் கூடினால் உறைப்பது சூழலைப் பொறுத்து வருகிறது என்றுதான் நான் அதைப் புரிந்துகொள்கிறேன். மாலை வகுப்பும் ஒரு சூழல்தான்.

நீங்கள் தொடங்குவதற்கான உதாரணம் பிள்ளைகளின் உடம்பிலேயே இருக்கிறது. மலைப்பகுதி அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு ஸ்வெட்டர் தருகிறது. சமவெளிப் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. "கோயம்புத்தூர்ல படிக்கிற பிள்ளைக்கு ஸ்வெட்டர் இல்ல, உங்களுக்கு மட்டும் உண்டு. இது ஓரவஞ்சனையா?" என்று கேளுங்கள். நான் கேட்ட இடங்களில் முதலில் ஒரு சங்கடமான மௌனம் வரும், கொடுத்ததைத் திருப்பிக் கேட்டுவிடுவார்களோ என்ற பயம் சில முகங்களில் தெரியும், பிறகு யாராவது ஒரு வாண்டு "அங்கதான் குளிராதே" என்று சொல்லும். அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைதான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லிவிடக் கூடாது. அதன் பிறகு சத்துணவுக்கு வாருங்கள். முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் கிடைக்கிறதே, இருவருக்கும் ஒரே பொருளா கிடைத்தது, யாருக்காவது குறைந்ததா என்று கேளுங்கள். இந்த இரண்டையும் கடந்த பிறகே உங்கள் வகுப்புக்கு வர வேண்டும். தூரத்தில் இருப்பதைப் பேசும்போது பிள்ளைகளுக்கு அறிவு வேலை செய்கிறது. தன் பங்கைப் பற்றிப் பேசும்போது வயிறு வேலை செய்கிறது. பெரியவர்களாகிய நமக்கும் அப்படித்தானே.

இதைவிட ஆழமான உதாரணம் விளையாட்டில் இருக்கிறது. ஓடிப்பிடித்து விளையாடும்போது நாலு வயதுத் தம்பியையும் சேர்த்துக்கொள்ள வேண்டிவந்தால், அவனைத் தொட்டாலும் 'அவுட்' இல்லை என்று வைத்துக்கொள்கிறார்களே, அதுதான் ஒப்புக்குச் சப்பாணி. எந்தக் கல்வியாளரும் சொல்லிக்கொடுக்காமல், இளையவனுக்கு விதியைத் தளர்த்தினால்தான் அவனும் ஆட முடியும் என்று பிள்ளைகள் கண்டுபிடித்து வைத்திருக்கும் ஏற்பாடு அது. 'சப்பாணி' என்ற சொல் நடக்க முடியாதவரை இழிவாகக் குறிப்பது என்பதால் எங்கள் வகுப்பில் அதைத் தவிர்த்தோம். பிள்ளைகளே 'பால்வாடி ஆள்' என்று பெயர் மாற்றிக்கொண்டார்கள். ஆனால் அந்த ஏற்பாட்டிலேயே ஒரு குறை ஒளிந்திருக்கிறது, அதை நீங்கள் கவனிக்க வேண்டும். அந்தத் தம்பி ஓடுகிறான், சிரிக்கிறான், ஆனால் ஆட்டத்தில் அவன் கணக்கில் இல்லை. அவன் அவுட் ஆவதில்லை என்பதைப் போலவே அவன் ஜெயிப்பதும் இல்லை. வாசிக்கத் திணறும் பிள்ளையை வகுப்பில் நாம் இப்படித்தான் பெரும்பாலும் வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டால் சங்கடப்படுவாள் என்று கேட்பதே இல்லை, தப்பாகச் சொன்னாலும் "பரவாயில்லம்மா" என்று கடந்துவிடுகிறோம், கரும்பலகைக்கு அழைப்பதில்லை. இரக்கம் என்று நினைத்து அவளை ஒப்புக்கு வைத்திருக்கிறோம். நீங்கள் தரும் பதினைந்து நிமிடம் அவளைக் கணக்கில் கொண்டுவருவதற்கான நேரமாக இருக்க வேண்டும். அந்த நேரம் முடிந்ததும், அன்று அவள் கற்ற ஒரு வரியையாவது மற்றவர்கள் முன் வாசிக்கவோ எழுதவோ அவளுக்கு ஒரு முறை வர வேண்டும். அதைப் பார்க்கும் பிள்ளைகளுக்கு, அக்கா அவளுக்கு என்ன கொடுத்தார் என்பது விளங்கிவிடும். அது மிட்டாய் இல்லை, வேலை என்று தெரிந்தால் பாதிப் பொறாமை அப்போதே போய்விடும்.

காரணத்தைச் சொல்வதில் ஓர் ஆபத்தும் உண்டு. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அதனாலதான்" என்று சொல்லிவிட்டால் ஓரவஞ்சனைப் புகார் தீரும், சிறுமி தீர்ந்துபோவாள். இன்னும் மோசமானது, சாதியையோ இனத்தையோ மொழியையோ காரணமாகச் சொல்வது. நம் மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று ஆறு தொல்பழங்குடியினர் இருக்கிறார்கள். படுகர் ஊர்கள் இருக்கின்றன. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் இருக்கிறார்கள். மலையாளமும் கன்னடமும் பேசும் குடும்பங்களோடு, இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகளும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். யார் எந்தக் குடியிருப்பு, யார் வீட்டில் யார் தண்ணீர் குடிப்பார்கள் என்பதெல்லாம் ஏழு வயதிலேயே பிள்ளைகளுக்குத் தெரியும். அதை நீங்கள் வேறு சொல்லிக்காட்ட வேண்டியதில்லை. காரணம் எப்போதும் வேலையைப் பற்றியதாக இருக்கட்டும். "உயிர்மெய் எழுத்து இன்னும் இவளுக்குப் பிடிபடல, அது வர்ற வரைக்கும் தினம் கொஞ்ச நேரம் இவளோட உட்காரப் போறேன். உனக்குக் கழித்தல்ல கடன் வாங்கறது வரலேன்னா உன்னோடயும் உட்காருவேன்" என்று சொல்லுங்கள். இதைச் சொல்வதற்கு முன் அந்தச் சிறுமியிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், சொல்லலாமா என்று. வேண்டாம் என்றால் பெயரில்லாமல் சொல்லுங்கள். பிள்ளையிடம் அனுமதி கேட்பதாவது என்று சிரித்த மூத்த ஆசிரியர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வகுப்பில் பிள்ளைகள் எதையும் வாய் திறந்து கேட்பதில்லை என்பதும் தெரியும்.

நான் செய்த பிழை ஒன்றைச் சொல்கிறேன். முதல் ஆண்டில் எங்கள் வகுப்பு ஒரு பழைய கூடத்தில் நடந்தது. ஒரே ஒரு டியூப்லைட், அதன் கீழே கரும்பலகை. முதலில் வருபவர் முன்னால் உட்காரலாம் என்று விதி வைத்தேன். இதைவிட நேர்மையான விதி உண்டா என்று நினைத்தேன். கூடத்தை ஒட்டியிருந்த லைன் வீட்டுப் பிள்ளைகள் தினமும் வெளிச்சத்தில் உட்கார்ந்தார்கள். ஓடைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள் தினமும் கடைசியில், கதவோரம், பனி உள்ளே வரும் இடத்தில் உட்கார்ந்தார்கள். ஐந்து மாதம் இது என் கண்ணில் படவே இல்லை. கதவோரப் பிள்ளைகள் எதுவும் கேட்கவில்லை. அவர்களுக்கு அது பழகிய இடம். ஒருநாள் வெளிச்சத்தில் உட்காரும் எட்டு வயதுப் பையன் ஒருவன், ஏன் நீங்கள் மட்டும் சீக்கிரம் வருகிறீர்கள், அவர்கள் சோம்பேறிகளா என்று நான் வேடிக்கையாகக் கேட்டதற்கு, "எங்க வீடு பக்கத்துல இருக்கு டீச்சர்" என்றான். அவ்வளவுதான். அன்றே விதியை மாற்றினோம். கதவோர இடம் வாரம் ஒரு வரிசைக்கு மாறி வரும், கண் பார்வை குறைந்த பிள்ளை மட்டும் எப்போதும் பலகைக்கு அருகில் இருப்பான் என்று பிள்ளைகளோடு பேசி முடிவு செய்தோம். அவன் எப்போதும் முன்னால் உட்காருவதை ஒரு பிள்ளைகூடக் கேள்வி கேட்டதில்லை.

அதே கோணத்தில் உங்கள் நேரத்தையும் பாருங்கள். நம் பக்கத்தில் இருட்டுவதற்குள் வீடு சேர வேண்டிய பிள்ளைகள் யார் என்பதை யானைதான் தீர்மானிக்கிறது. யானை நடமாட்டம் உள்ள பாதையில் போகும் பிள்ளைகள் ஐந்தேமுக்காலுக்கே கிளம்புகிறார்கள் என்றால், வாசிப்பை வகுப்பின் கடைசியில் வைக்கும் தன்னார்வலர் தன்னை அறியாமலே அவர்களுக்கு வாசிப்பை மறுக்கிறார். தொலைவில் இருப்பவருக்கு முதல் முறை என்று மாற்றுவதற்கு உங்களுக்கு ஒரு நிமிடம் போதும். பதில் சொல்லும் வேகமும் இப்படித்தான். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை உங்கள் கேள்வியை மனத்துக்குள் ஒரு முறை மாற்றிக்கொண்டுதான் பதிலைத் தேட வேண்டும். சட்டென்று கை தூக்கியவரைப் பாராட்டினால் அந்தப் பிள்ளைக்கு வாய்ப்பே வராது. கேள்வி கேட்டுவிட்டு மனத்துக்குள் பத்து எண்ணுங்கள், அதற்கு முன் யாரும் கை தூக்கக் கூடாது என்று விதியும் வையுங்கள்.

காரணம் சொல்ல முடியாத இடங்களும் உண்டு. ஒரே ஒரு புதிய வண்ணப் பென்சில் பெட்டி, பதினெட்டுப் பேர். இங்கே தேவையைக் கணக்கிடப் புறப்பட்டால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். 'சா பூ த்ரீ' போடச் சொல்லுங்கள், அல்லது சீட்டுக் குலுக்குங்கள். யார் பக்கமும் சாயாத முறையில் வந்த முடிவு தனக்குப் பாதகமாக இருந்தாலும் பிள்ளைகள் வியக்கத்தக்க அளவில் ஏற்றுக்கொள்கிறார்கள். முறையில் போங்கு நடந்தது என்று தெரிந்தால் மட்டும் விட மாட்டார்கள். ஆகவே சீட்டை எழுதுவதும் மடிப்பதும் எல்லோர் கண்ணெதிரேயும் நடக்கட்டும்.

செய்ய வேண்டாதவற்றில் முக்கியமான ஒன்று, ஒரு பிள்ளை கொண்டுவந்த தின்பண்டத்தை எல்லோருக்கும் பங்கிடச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது. அது பகிர்தலைக் கற்பிக்காது, அடுத்த நாளிலிருந்து ஒளித்துத் தின்பதைத்தான் கற்பிக்கும். மாறாக, சேர்ந்து வேலை செய்து கிடைத்ததைப் பங்கிடச் சொல்லுங்கள். மூன்று வயதுப் பிள்ளைகள்கூடச் சேர்ந்து உழைத்துப் பெற்றதைக் கூடுதலாகச் சமமாகப் பங்கிடுகிறார்கள் என்று 2011-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. கூடத்தின் பின்னால் நாலு பேர் சேர்ந்து போட்ட கீரைப் பாத்தியின் கீரையைப் பிரிக்கும் காட்சி எந்தப் படக்கதையையும் விடச் சிறந்தது. உயரம் வேறுபட்ட மூன்று பேர், அவரவருக்குத் தேவையான அளவு பெட்டி போட்டு, வேலிக்கு மேலாக ஆட்டம் பார்க்கும் புகழ்பெற்ற படத்தையும் நீங்கள் மனத்தில் வைத்திருக்கலாம். பெரியவர்களுக்கான பயிற்சியில் அது உதவும். ஆனால் அந்தப் படத்தில் குட்டையாக இருப்பது அந்தப் பிள்ளையின் குறையாகத் தெரிகிறது. எங்கள் கூடத்தில் கதவோரம் உட்கார்ந்தவர்களிடம் குறை எதுவும் இருக்கவில்லை, குறை என் விதியில் இருந்தது.

உங்கள் சொந்தப் பிள்ளையோ உறவுப் பிள்ளையோ அதே வகுப்பில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் பாடம் சொல்ல முன்வந்தவர்களில் பலர் அதே குடியிருப்பைச் சேர்ந்த பெண்கள். தம் பிள்ளைகளையும் அந்தக் கூட்டத்திலேயே வைத்துக்கொண்டு நடத்தினார்கள். அவர்களில் சிலர் பட்சபாதம் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதே என்று தம் பிள்ளையை மற்றவரைவிட அதிகமாகத் திட்டியதைப் பார்த்திருக்கிறேன். அதுவும் ஓரவஞ்சனைதான், எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

பெற்றோரும் உங்களிடம் வருவார்கள். "எம்புள்ளைக்கு மட்டும் ஏன் கம்மி?" என்று கேட்பவரிடம் எரிச்சல் படாதீர்கள். பறித்த கொழுந்தைத் தராசில் வைத்த பின், மழை ஈரத்துக்கென்று எடை கழிக்கப்படுவதைப் பார்த்துவிட்டு வருகிறவர் அவர். கழிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களை எளிதில் நம்ப மாட்டார். அவருக்கும் குறிப்பேட்டைத் திறந்து காட்டி, எந்தப் பிள்ளைக்கு எந்த வாரம் எவ்வளவு நேரம் போனது என்று சொல்லுங்கள். இந்தக் கேள்வி புதியதும் அல்ல. அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவு சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்கிறது. கல்லூரி இடங்களைச் சாதி, மதவாரியாகப் பங்கிட்ட சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணை செல்லாது என்று 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டில் முதல் திருத்தத்தின் வழியே, பின்தங்கியவர்களுக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய இடமளிக்கும் 15(4) சேர்க்கப்பட்டது. ஒன்றுபோல நடத்துவதா, தேவையறிந்து நடத்துவதா என்று நாடு வழக்காடித் தீர்த்துக்கொண்ட கேள்வியைத்தான் உங்கள் பதினெட்டுப் பிள்ளைகளும் கேட்கிறார்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

நாளை மாலை செய்ய வேண்டியது இவ்வளவே. அந்தச் சிறுமியிடம் முதலில் பேசுங்கள். பிறகு எல்லோரிடமும் ஸ்வெட்டர் கேள்வியைக் கேட்டு, "நான் இப்ப யாருக்கு, எதுக்கு நேரம் கொடுக்கணும்னு நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிடுங்கள். அவர்கள் சொல்வதை ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒருமுறை அந்த அட்டையைப் பார்த்து, யாருக்கு வேலை முடிந்தது, அடுத்தது யார் என்று அவர்களையே கேளுங்கள். ஜூனில் மழை பிடித்துவிட்டால் தொலைவிலிருந்து வருபவர்களின் கணக்கு மாறும், வாசிப்பு வரிசையும் மாறும். புதிய அட்டையை மாட்டும்போது பழையதைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டையும் காட்டி உங்களிடம் வழக்காடுவார்கள்.